பன்னிரண்டாம் மாடிக்கு எத்தனை படி?

லிஃப்ட் ஓடாத நாளாகப் பார்த்து சௌபாக்யா ஹைட்ஸுக்குத் துப்பறிய வருவதற்குப் போன ஜன்மத்தில் நிறையப் பாவம் செய்திருக்க வேண்டும் என்று அம்ருதா முடிவு கட்டியபோது மணி ஒன்று இருபது. காலை பத்து மணிக்குப் போன கரண்டு பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டது. போகிற போக்கில் லிஃப்டுக்குள் எதையோ கருக்கிவிட்டுப் போயிருந்தது. கஞ்சிக்கோட்டிலிருந்து மெக்கானிக் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது.

அவளுடைய முதலாளி பூபதிராஜா லாபிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். நாற்பத்தெட்டு வயது, தொண்ணூற்றாறு கிலோ. பேக்கரிக்கு மேலே ஆபீஸ் வைத்ததில் ஏறிய எடை என்று அம்ருதா சொல்வாள். அவள் கல்பாத்திக்காரி, கணிதத்தில் எம்.எஸ்ஸி. அவள் அப்பா ராமபத்ரன் இன்றுவரை ஊரில் 'கொழந்தை ஏதோ கன்சல்டன்ஸில இருக்கா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: 'படிக்கட்டில் கணக்கு. குழந்தைகளுக்கான கணிதத் திருவிழா. ஒரு மாடிக்கு 22 படி என்றால் 12ஆம் மாடிக்கு எத்தனை படி? ஒரு மாடி ஏற 20 வினாடி என்றால் 12ஆம் மாடிக்கு எவ்வளவு நேரம்? விடை அந்தந்த மாடியில். இப்படிக்கு, சுதீப், செயலாளர்.' அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு போர்டு. 'வேலைக்காரர்களுக்கு லிஃப்ட் அனுமதி இல்லை.' அதற்கும் கீழே அதே சுதீப்.

"இருநூத்தி அறுபத்திநாலு படி, நாலு நிமிஷம்" என்றாள் அம்ருதா. "ரண்டாங்கிளாஸ் குட்டி பண்ணும் சார்."

"பண்ணும் அம்மிணி. ஏறுமா?" என்றார் பூபதிராஜா.

அவர்களைக் கூப்பிட்டவர் ஏழாம் மாடி காளிச்சாமி. இந்தக் கட்டடம் நிற்கிற நிலமே அவருடையதுதான். பில்டருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஏழாம் மாடி முழுவதையும் வாங்கிக்கொண்டவர். பூபதிராஜாவுக்குத் தூரத்து மாமன். விஷயம் சின்னது. பன்னிரண்டாம் மாடி தர்மாம்பாள் மாமி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஏழு கல் வைரத்தோட்டைக் கழற்றி சாமி தட்டில் வைத்தாள். குளித்துவிட்டு, கொண்டாட்டம் என்று அங்கே சொல்கிற வற்றலுக்கு மோரில் ஊறிய மிளகாயைக் காயப்போட பத்து பத்துக்கு மொட்டை மாடிக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. பத்து இருபத்தைந்துக்கு இறங்கி வந்தால் தட்டு இருக்கிறது, தோடு இல்லை. பத்து நாற்பதிலிருந்து கேட்டில் எல்லோர் பையையும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் திருடி கிடைத்துவிட்டாள். மூன்று மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் திருடி, மாடிப்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் பிலோமி. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து பதினோரு வருஷம் முன்னால் வந்தவள். இந்த ரோட்டில் ஐந்து வீடுகளில் வேலை. மாமி வீட்டிலும் காளிச்சாமி வீட்டிலும் ஒன்பது வருஷமாக.

"போலீசு அடிக்கும்னு கூட பயமில்லங்கய்யா" என்றாள் பூபதிராஜாவிடம். "திருடின்னு பேராயிட்டா நாளைக்கி இந்த ரோட்டுல ஒரு கதவு எனக்குத் தெறக்காது. எம் மவளும் அடுத்த பிளாட்டுலதான் வேல பாக்குதா. அவளையும் அனுப்பிருவாங்க."

பிடித்துக் கொடுத்தவர் லாபி நடுவில் நாற்காலியில் இருந்தார். இன்னொரு நாற்காலியில் அவருடைய இடது கால் இருந்தது. கணுக்காலைச் சுற்றி ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்குக் கட்டு. செயலாளர் சுதீப்.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்லை மிஸ்டர் பூபதிராஜா. கணக்காக்கும்" என்றார். "பத்து பதினெட்டுக்கு அவ கேட்டைத் தாண்டினா, ரெஜிஸ்டர்ல இருக்கு. பன்னெண்டு மாடி, நாலு நிமிஷம். பத்து இருபத்திரண்டுக்கு மேலே. மாமி இறங்கினது பத்து இருபத்தஞ்சு. நடுவுல மூணு நிமிஷம். ஒரு தோட்டை எடுக்க மூணு நிமிஷம் போறாதா?"

"அவ மாமி ஊட்டுக்கு வந்தது பத்தே முப்பத்தஞ்சுன்னு சொல்றாங்களே."

"எடுத்து எங்கேயோ ஒளிச்சு வெச்சூட்டு, புதுசா வர மாதிரி, மாமிக்கு வாங்கின இருபது தேங்காய்ச் சாக்கோட வந்தா. நான் கண்ணால பார்த்தேன். ஆபீஸ் ரூம்ல இருந்தேன், அவ போறச்சே மூஞ்சியே சரியில்லை. பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு படியா எண்ணிண்டே ஏறினேன், இருநூத்தி அறுபத்திநாலு. ஏழாவது மாடிகிட்டே கால் மடங்கிடுத்து. விடலை. அந்தக் காலோட பாக்கி அஞ்சு மாடியும் ஏறிப் போய்ப் பார்க்கறேன், மாமியாத்து வாசல்லேந்து அவ வெளியில வரா. கை மூடியிருக்கு."

"கால் மடங்கியும் நாலு நிமிஷம்தானா சார்?" என்று அம்ருதா விசாரித்தாள். "மடங்காம இருந்தா அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேளே."

சுதீப் அவளைப் பார்த்த பார்வையில் கல்பாத்தித் தேரையே நிறுத்தியிருக்கலாம். அம்ருதா நிற்கவில்லை. பூபதிராஜா முட்டியைப் பிடித்துக்கொண்டு பிலோமிக்கு எதிரே படியில் உட்கார்ந்தார்.

"ஏன் அம்மிணி, பன்னண்டாம் மாடிக்கு எத்தன படிங்க?"

"அதான் எழுதிப் போட்டிருக்குல்லா. இருநூத்தி அறுவத்திநாலு."

"எழுதுனது கெடக்குது. நீங்க ஏறுனது எத்தன?"

பிலோமி கூசினாள். "எனக்குத் தப்பாத்தான் வரும்யா."

"தப்பாவே சொல்லுங்க."

அவள் மடியிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்தாள். "படிக்கு ஒரு மணி தள்ளுவேன். மரியே வாழ்க, அம்புட்டுத்தான். முழு ஜெபம் சொல்ல மூச்சு வேணும்லா. பெரிய மணிய விட்டுருவேன். சின்ன மணி ஒரு சுத்துக்கு அம்பது. அஞ்சு சுத்து முடிஞ்சி, மேல பதினஞ்சு மணி போனா மாமி வீட்டு வாசலு."

"இருநூத்தி அறுபத்தஞ்சு" என்றாள் அம்ருதா.

"ஆமா, ஒண்ணு கூடுது. ஒம்பது வருசமா சரின்னுதான் நெனச்சிருந்தேன். போன மாசம் நோட்டீசு ஒட்டினாங்களா, அப்பத்தான் என் தப்பு தெரிஞ்சிச்சி. கவனமில்லாம மாதா மணிய ஒண்ணு கூடத் தள்ளிருதேன்னு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லிட்டேன்."

சாமியார் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. அசோசியேஷன் மன்னிக்கிற ஜாதியில்லை.

"தெனமும் ஒரே தப்ப ஒரே மாதிரி செய்யோணும்னா ஒண்ணு அது கவர்மென்ட்டா இருக்கோணும்" என்று எழுந்தார் பூபதிராஜா. "இல்லீன்னா அது தப்பே கிடையாது. அம்மிணி, ஏறு."

"நானா? நீங்களா?"

"ரண்டு பேரும். நீ மட்டும் இருவது தேங்காயோட."

கேட் காவலாளி யாக்கோபு, காலையில் பிலோமியின் தலையில் சாக்கைத் தூக்கி வைத்தவர், அதே எடைக்கு இன்னொரு சாக்கைக் கட்டி அம்ருதாவின் தலையில் ஏற்றினார். எம்.எஸ்ஸி. படித்த தலை அது. கொஞ்சம் தாங்கியது. பூபதிராஜா போனில் நேரத்தைத் தட்டிவிட்டார்.

முதல் மாடியில் விடை இருந்தது: '22 படி. 20 வினாடி. சபாஷ்!' அவள் எண்ணிக்கையும் இருபத்திரண்டுதான். இரண்டில் நாற்பத்திநாலு, மூன்றில் அறுபத்தாறு. சுதீப்பின் பெருக்கல் வாய்ப்பாடு ஜம்மென்று மாடியேறிக்கொண்டிருந்தது. அதற்குக் கால் கிடையாது, வியர்வை கிடையாது, தலையில் தேங்காய் கிடையாது. நான்காம் மாடியில் அம்ருதா சாக்கை இறக்கி வைத்து உட்கார்ந்தபோதே ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. விடை '1 நிமிடம் 20 வினாடி' என்றது.

"திரைராசிகம் சார். ஒரு மாடிக்கு இவ்வளவுன்னா பன்னெண்டு மாடிக்கு எவ்வளவுன்னு கேட்டா புஸ்தகத்துல விடை வரும். ஆளு வராது."

இரண்டு மாடி பின்னால் எங்கோ பூபதிராஜாவின் மூச்சு மட்டும் கேட்டது.

ஆறாம் மாடி நூற்று முப்பத்திரண்டு. அதற்குள் காலுக்கு ஒரு தாளம் பழகிவிட்டது. பதினொன்று ஏறினால் ஒரு திருப்பம், பிறகு பதினொன்று ஏறினால் மாடி. ஏழாம் மாடிக்கு இரண்டாவது பதினொன்றையும் எண்ணி முடித்து, தரை வந்துவிட்டது என்று காலை நீட்டினாள். நங்கென்று கட்டை விரல் இடித்தது. தேங்காய் நான்கு உருண்டு ஓடின.

"சார், இங்கே ஒரு படி ஜாஸ்தி" என்று ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னாள். "நூத்தி அம்பத்தஞ்சு. நோட்டீஸ்ல நூத்தி அம்பத்திநாலு."

சத்தம் கேட்டுக் காளிச்சாமி கதவைத் திறந்தார். உருண்ட தேங்காயைப் பார்த்தார், விரலைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார், முகம் கோணியது.

"எண்ணிப்போட்டீங்களா" என்றார்.

ஏறி வந்த பூபதிராஜா நேரத்தை நிறுத்திவிட்டு, "ஏனுங் மாமா, இது உங்க வேலையா?" என்று கேட்டார்.

காளிச்சாமி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எஞ்சினியரு மாடிக்கு இருவத்திரண்டு போட்டானுங் மாப்ள. கீழிருந்து லாபம், நட்டம், லாபம், நட்டம்னு எண்ணிட்டு வந்தா, என்ற வாசல் நட்டத்துல வந்து முடியுது. நெலத்தையும் குடுத்துப்போட்டு நட்டத்துல குடியிருக்க முடியுங்களா? ஒரு படி சேருடான்னேன். ஒசரத்த அப்பிடியே வச்சு, கடேசிப் பதினொண்ணப் பன்னண்டா நெருக்கிக் கட்டிப்போட்டான். இப்ப கடேசிப் படி லாபம்."

"அப்போ மேல இருக்கறவா?" என்றாள் அம்ருதா.

"எட்டாவதும் லாபம், பன்னண்டாவதும் லாபம். என்ற புண்ணியம்."

"கீழ ஆறு மாடி?"

"அதத்தான் வெளிய சொல்லாதீங்கங்கறேன். ஆறு மாடிக்காரனும் நட்டத்துல குடியிருக்கறான். தெரிஞ்சா என்ற கழுத்தப் புடிப்பானுங்க."

அம்ருதாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முடிஞ்சுது சார். பிலோமி எண்ணினது சரி. சுதீப் எண்ணவே இல்லை, வீட்டுல ஒக்காந்து பெருக்கியிருக்கார். அவர் ஏறவே இல்லையாக்கும்."

"ஒரு படி எண்ண உட்டுப்போச்சுன்னு சொல்லுவான். ஒரு படிக்கோசரம் எவனையும் உள்ள வெக்க முடியாது அம்மிணி. எடு சாக்க."

பன்னிரண்டாம் மாடியை அவள் தொட்டபோது, காளிச்சாமியோடு பேசிய நேரம் போகப் பதினேழு நிமிடம் நாற்பது வினாடி. பிலோமி பத்து பதினெட்டுக்குக் கிளம்பிப் பத்து முப்பத்தைந்துக்கு வந்ததாகச் சொன்னாள். வயதில் பதினைந்து மூத்தவள், நாற்பது வினாடி முன்னால் வந்திருக்கிறாள். எண்ணிக்கை இருநூற்று அறுபத்தைந்து. எதிரே சுவரில் '264 படி. 4 நிமிடம். சபாஷ்!' என்று எழுதியிருந்தது. அம்ருதாவுக்கு அந்த சபாஷைக் கிழித்துத் தின்ன வேண்டும் போலிருந்தது.

தர்மாம்பாள் மாமி மோர் கொடுத்தாள். தோடில்லாத காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இறங்கி வரச்சே படிக்கட்டுல ஆராவது இருந்தாளா மாமி?"

"ஒருத்தரும் இல்லை. உள்ளே நொழையறச்சே கீழே எங்கேயோ 'அய்யோ அம்மே'ன்னு ஒரு சத்தம். ஆம்பளைக் குரல். நான் தோட்டைத் தேடுவேனா, அதைப் பார்ப்பேனா?"

பூபதிராஜா மோரைப் பாதியில் வைத்தார். பிறகு சுவரைக் காட்டினார். "இந்த விடை எப்ப ஒட்டுனதுங்க?"

"அதுவா? வெடிகாலம்பற கோலம் போடறச்சே இல்லை. கொஞ்சம் முன்னாடிதான் பார்த்தேன். பின்னே, இன்னிக்கு இருக்கற களேபரத்துல அதை ஆரு கவனிச்சா?"

அம்ருதா ஓரத்தை நகத்தால் நெருடினாள். மூலையில் பசை இன்னும் பிசுபிசுத்தது. காலையிலிருந்து ஆபீஸ் ரூமில் இருந்த சுதீப், பத்து பதினெட்டுக்கு ஒரு திருடியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது மறக்காமல் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். என்ன கடமை உணர்ச்சி.

"சாரே, இவர் ஏறி வரலை" என்றாள் மெதுவாக. "பத்து மணிக்கு முன்னாலேயே லிஃப்ட்ல வந்திருக்கார்."

"வந்து ஒட்டுனாரு. கரண்டு போச்சு. மாமி கதவ சாத்தாம மாடிக்குப் போறத பாத்தாரு. இப்ப எறங்கலாம் வா."

ஏழாம் மாடியில் பூபதிராஜா நின்றார். "நான் இப்ப எண்ணாம வேகமா எறங்கறேன். நீ பாத்துக்க."

பதினொன்றாவது படியில் அவர் தரை வந்துவிட்டதென்று காலை அகல வைத்தார். தரை இன்னும் ஒரு படி கீழே இருந்தது. தொண்ணூற்றாறு கிலோவும் ஒரு கணம் அந்தரத்தில் போய், கைப்பிடிக் கம்பியில் தொங்கி நின்றது.

"பாத்தயா?" என்றார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "இந்தப் படியில ஏறறவன் கட்ட வெரல இடிச்சுக்குவான். எறங்கறவன்தான் கணுக்கால ஒடிச்சுக்குவான்."

இரண்டு நாற்பதுக்கு லாபியில் எல்லோரும் கூடினார்கள். மாமியும் இறங்கி வந்திருந்தாள், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முறை சுதீப்பின் லிஃப்ட் பராமரிப்பைத் திட்டியபடி.

"பத்து மணிக்கு நீங்க பன்னண்டாம் மாடியில இருந்தீங்க செக்ரட்டரி" என்று ஆரம்பித்தார் பூபதிராஜா. "தோட்ட எடுத்தீங்க. லிஃப்ட் இல்ல. ஓடி எறங்குனீங்க. ஏழாவது மாடிப் படியில உளுந்தீங்க, மாமி காதுல சத்தம் கேட்டது. கீழிருந்து பிலோமி ஏறி வர்ற சத்தம் கேட்டு ஆறாவது மாடி வராந்தாவுல ஒதுங்கி நின்னீங்க. சாக்கோட போறவளப் பாத்ததும் மனசுக்குள்ள ஒரு கணக்கு வந்துருச்சு."

"அபத்தம்" என்றார் சுதீப். "நான் படியெண்ணிண்டு ஏறினவன். ஒண்ணு ரெண்டு முன்னே பின்னே இருக்கலாம். பசை ஒட்டினது நேத்திக்கு. மாமிக்கு ஞாபகப் பிசகு. எங்கிட்ட தோடு இருக்கா? என் ஆத்தைப் பரிசோதனை பண்ணிக்கோங்கோ. ஆபீஸைப் பண்ணிக்கோங்கோ."

அம்ருதா மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அவர் சொல்வதில் ஓட்டை இல்லை. பிலோமியால் அத்தனை சீக்கிரம் ஏறியிருக்க முடியாது என்று காட்டலாம். ஆனால் செயலாளரின் வாய்க்கும் வேலைக்காரியின் வாய்க்கும் நடுவில் போலீஸ் எதை நம்பும் என்று அவளுக்குத் தெரியாதா? மணி இரண்டு ஐம்பது. பிலோமி தலையைக் குனிந்து மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பூபதிராஜா நாற்காலியை இழுத்துச் செயலாளரின் காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஊடு எங்கீங்க?"

"ஒண்ணாவது மாடி. ஏன்?"

"இருவத்திரண்டே படி. கால் சுளுக்குனவன் ஊட்டுக்குப் போய்ப் படுப்பான். நீங்க நாலு மணி நேரமா இங்க நடு லாபியில ஒக்காந்திருக்கறீங்க. ஊட்டுக்குப் போனா என்னாகும்? சம்சாரம் கட்டப் பிரிச்சு எண்ணெ போட்டுவிடும்." அவர் யாக்கோபைப் பார்த்தார். "முதலுதவிப் பொட்டியில எத்தன ரோல் கட்டுத்துணி இருந்தது?"

"மூணு. சார் மூணையும் வாங்கிக்கிட்டார். தானே கட்டிக்கிட்டார்."

"ஒரு சுளுக்குக்கு மூணு ரோலா?" என்றாள் அம்ருதா. அதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. கேட்டில் அத்தனை பேருடைய பையையும் சேலை முடிச்சையும் அவிழ்த்துப் பார்க்க உத்தரவு போட்டவர் இவர். இவருடைய காலை எவன் அவிழ்ப்பான்?

சுதீப் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். காளிச்சாமியின் கை தோளில் விழுந்தது. உழவு பார்த்த கை, நாற்காலி நகரவில்லை. பூபதிராஜா துணியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். முதல் ரோல், இரண்டாம் ரோல், பஞ்சு. மூன்றாவது ரோலின் நடுவிலிருந்து ஏழு கல் தோடு இரண்டும் டைல்ஸ் தரையில் விழுந்தன.

"கதவு திறந்திருந்தது" என்றார் சுதீப். அதற்குமேல் அவரிடம் கணக்கு இல்லை.

மாமி தோட்டைப் பொறுக்கி முந்தானையில் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். திருகை முறுக்கியபடி பிலோமியின் பக்கம் திரும்பினாள். "போட்டும் போ, கெட்ட நேரம். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடு. இன்னும் ரண்டு கிலோ மொளகா கீறணும்."

பிலோமி எழுந்து சேலையை உதறினாள்.

"நான் வரலம்மா."

"என்னது?"

"ஒம்பது வருசம் உங்க வீட்டுச் சாவி எங்கிட்டதான இருக்கு. அந்தாளு சொன்னப்ப, 'அவ அப்பிடிச் செய்யமாட்டா'ன்னு உங்க வாயில ஒரு வார்த்த வரலியே."

"நான் என்னத்தைக் கண்டேன்? அவன் கணக்கோட சொன்னானே."

"உங்களுக்குக் கணக்கு தெரியாது, சரிம்மா. என்னையத் தெரியும்லா."

பிலோமி மடியிலிருந்து சாவியை எடுத்து மாமியின் உள்ளங்கையில் வைத்து, அது கீழே விழாதபடி விரல்களை மூடிவிட்டாள்.

காளிச்சாமி தொண்டையைச் செருமினார். "அப்ப என்ற ஊட்டுக்குங்க அம்மிணி?"

"ஏழு மணிக்கு வாரேன்யா. நீங்க ஆளக் கூப்பிட்டீங்க."

வெளியே ஜீப் வந்து நின்றது. திருடியைக் கேட்டுக்கொண்டே இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கி உள்ளே வந்தார்கள். பிலோமி அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை. அவர்கள்தான் ஒதுங்கினார்கள்.